கைக்கடிகாரத்தில் ஏதோ ஒன்று ஆடுகிறதா? வீட்டிலேயே சரிசெய்ய விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கைக்கடிகாரத்தின் ஒரு பாகம் கழன்று விழுவதற்கு முன் பெரும்பாலும் சில நாள்களாவது ஆடிக்கொண்டிருக்கும். ஸ்ட்ராப்பின் ஒரு முனை சாய்ந்து நிற்கும். நேரம் வைக்கக் கூட்டின் பக்கவாட்டில் திருகும் சாவி வழக்கத்தைவிட எளிதாக வெளியே வரும். கையை உதறினால் உள்ளே எதுவோ உருளும். அந்த நாள்களிலேயே கவனித்தால் பத்து நிமிட வேலை. விட்டுவிட்டால் ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது கடிகாரமே போய்விடும். இருபது ஆண்டுகளாக வீட்டுக் கடிகாரங்களையும் உறவினர், அக்கம்பக்கத்தாரின் கடிகாரங்களையும் பார்த்துக் கொடுத்து வருகிறேன். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

எது ஆடுகிறது என்று முதலில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கடிகாரத்தைக் கழற்றி ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வையுங்கள். கூட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராப்பின் இரண்டு முனைகளையும் தனித்தனியாக, பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அடுத்துச் சாவி. இழுக்காமல் நகத்தால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். பிறகு கட்டைவிரலால் கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றிலும் அழுத்துங்கள். எங்காவது ‘டிக்’ என்று அமுங்கினால் கண்ணாடி தளர்ந்திருக்கிறது. கடைசியாகக் கடிகாரத்தைக் காதருகில் வைத்து மெல்லச் சாய்த்துக் கேளுங்கள். குலுக்க வேண்டாம். உள்ளே ஒரு திருகாணி கழன்று கிடந்தால், குலுக்கும்போது அது பற்சக்கரங்களுக்கு இடையில் போய்ச் சிக்கும்.

எதை நானே செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

கூட்டுக்கு வெளியே இருப்பவை எல்லாம் வீட்டு வேலை: ஸ்ட்ராப், செயின், அவற்றின் பின்கள், லாக், பக்கிள். பின்மூடியைத் திறந்தவுடன் கண்ணில் படும் பேட்டரி, சாவியிலிருந்து உள்ளே போகும் தண்டைப் பிடித்திருக்கும் திருகாணி ஆகிய இரண்டையும் பொறுமையுள்ளவர்கள் செய்யலாம். டயலுக்கு அடியில் இருப்பதையும், இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கும் சமனிச் சக்கரத்தையும் தொடவே கூடாது. அந்தச் சக்கரத்தின் சுருள்வில் தலைமுடியைவிட மெல்லியது. விரல் நுனி பட்டால் போதும், வளைந்துவிடும். அதை நிமிர்த்தும் கை எல்லாக் கடைகளிலும்கூடக் கிடைப்பதில்லை.

உத்தரவாதக் காலம் முடியாத கடிகாரம் என்றால் பின்மூடியை நீங்கள் திறக்காதீர்கள். விற்ற இடத்துக்கே கொண்டு செல்லுங்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

குறைவாகத்தான். 1.0, 1.2, 1.4, 1.6 மி.மீ. முனையுள்ள நான்கு சிறு திருப்புளிகள், கூர்முனை இடுக்கி ஒன்று, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று, ஸ்பிரிங் பின்னைத் தள்ளுவதற்கென்றே ஒரு முனை கவைபோலவும் மறுமுனை ஊசிபோலவும் செய்யப்பட்ட சிறு கருவி ஒன்று. கடைசியாகச் சொன்னதை மட்டும் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். விலை மிகக் குறைவு. வீட்டுக் கத்தியாலும் தள்ளலாம்தான். ஆனால் கத்தி வழுக்கும் இடத்தில் ஒன்று கடிகாரத்தின் விளிம்பு இருக்கிறது, அல்லது உங்கள் கட்டைவிரல் இருக்கிறது.

திருப்புளியின் முனை திருகாணியின் பள்ளத்தை முழு அகலத்துக்கும் நிரப்ப வேண்டும். சிறிய முனையைப் போட்டுத் திருகினால் பள்ளத்தின் உதடுகள் பிய்ந்துவிடும். பிறகு அந்தத் திருகாணி யார் கைக்கும் மசியாது. காந்தம் ஏற்றிய திருப்புளி சாவி கொடுக்கும் கடிகாரத்தின் பக்கமே வரக்கூடாது. சுருள்வில் காந்தமேறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் ஒரு நாளைக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடத் தொடங்கும்.

விலையில்லாத இரண்டு பொருள்களும் தேவை. ஒன்று, விளிம்புள்ள தட்டு. மற்றொன்று, மின்விசிறியை நிறுத்தி வைக்கும் ஒழுக்கம்.

ஸ்ட்ராப் ஒரு பக்கம் கழன்றுவிட்டது. எப்படி மாட்டுவது?

என்னிடம் வரும் கடிகாரங்களில் பாதிக்கு மேல் இந்தக் குறைதான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கூட்டிலிருந்து நீளும் இரண்டு கால்களுக்கு நடுவில் ஸ்ட்ராப்பைப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங் பின். அதை லென்ஸ் வழியாகப் பாருங்கள். மெல்லிய குழாய் ஒன்று. அதற்குள் சுருள். இரு பக்கமும் குண்டூசி முனை அளவுக்கு இரண்டு மொட்டுகள். மொட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு விளிம்பு. கருவியின் கவை அந்த விளிம்பைத்தான் பிடித்து உள்ளே தள்ளுகிறது. அப்போது மொட்டு துளையை விட்டு விலகி ஸ்ட்ராப் கழல்கிறது. மாட்டும்போது இதுவே தலைகீழ்.

முதலில் பழைய பின்னைச் சோதியுங்கள். இரண்டு மொட்டுகளையும் விரலால் அழுத்தினால் இரண்டும் உள்ளே போய்த் துள்ளி வெளியே வர வேண்டும். ஒன்று சோம்பலாக எழுந்தாலோ, தரையில் உருட்டினால் பின் நேராக உருளாமல் தத்தினாலோ அதை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். ஒரு பின் பழுதென்றால் இரு பக்கத்துப் பின்களையும் மாற்றுவது என் வழக்கம். வியர்வை இரண்டையும் ஒன்றுபோலவே தின்றிருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் பின் துரு இன்னும் சீக்கிரம் வருகிறது.

மாட்டுவதற்கு முன் கால்களின் உட்பக்கத்திலும் மேல்பக்கத்திலும் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள், கருவி வழுக்கினாலும் கீறல் விழாது. பின்னை ஸ்ட்ராப்பின் துளைக்குள் நுழைத்து, ஒரு மொட்டை அதற்குரிய குழியில் வையுங்கள். மறு பக்கத்து விளிம்பைக் கவையால் பிடித்து உள்ளே அழுத்தியபடி காலின் உட்சுவரை ஒட்டிக் கீழே இறக்குங்கள். குழிக்கு நேராக வந்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். பின் குழியில் விழாமல் சுவரில் சாய்ந்து நின்றாலும் ஏறக்குறைய அதே சத்தம்தான். கருவியால் பின்னைப் பக்கவாட்டில் இடமும் வலமும் சிறிது தள்ளுங்கள். பிறகு ஸ்ட்ராப்பைப் பிடித்து நான்கைந்து முறை நன்றாக இழுங்கள். துண்டின் மேல் இழுக்கும்போது கழன்றால் நட்டமில்லை.

எந்த அளவு பின் வாங்க வேண்டும்?

இரண்டு கால்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மி.மீ. அளவுகோலால் அளந்து பாருங்கள். ஆண்கள் கடிகாரங்களில் 18, 20, 22 மி.மீ. பரவலாக இருக்கும். பெண்கள் கடிகாரங்களில் 12, 14, 16 மி.மீ. பின்னையும் அதே எண்ணைச் சொல்லித்தான் விற்கிறார்கள், மொட்டின் நீளம் அதற்கு மேல் கூடுதலாக இருக்கும். 19 மி.மீ. இடைவெளிக்கு 18 மி.மீ. பின்னைப் போட்டால் அன்றைக்கு நிற்கும், ஒரு வாரம்கூட நிற்கலாம். ஆனால் மொட்டின் நுனி மட்டுமே குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். ‘ஸ்ட்ராப் போன வாரம்தான் மாற்றினேன், அதற்குள் விழுந்துவிட்டது’ என்பவர்களின் கடிகாரத்தை அளந்தால் இந்த ஒரு மி.மீ. குறைவைத்தான் பலமுறை பார்த்திருக்கிறேன். தடிமனும் முக்கியம். சாதாரணக் கடிகாரங்களுக்கு 1.5 மி.மீ. போதும், கனமான செயினுக்கு 1.8 மி.மீ. போடலாம். ஆழ்கடல் நீச்சலுக்கென்று செய்யப்படும் சீக்கோ கடிகாரங்கள் சிலவற்றில் 2.5 மி.மீ. தடிமனுள்ள பின் வருகிறது. அதற்கு அதே வகையைத்தான் வாங்க வேண்டும்.

பின்னின் மொட்டு ஒடிந்து குழிக்குள்ளேயே சிக்கிவிட்டது.

குழி மறுபக்கம் வரை துளைத்திருந்தால் வெளியிலிருந்து ஊசியால் தள்ளினால் வந்துவிடும். அடைபட்ட குழி என்றால், ஊசி முனையில் தையல் எந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு எடுத்துக் குழியில் வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் மெல்லிய ஊசியால் துருவின் ஓரத்தைச் சுரண்டிச் சுழற்றினால் பெரும்பாலும் அசையும். எண்ணெய் சாவியின் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலோகச் செயினில் ஒரு பின் திரும்பத் திரும்ப வெளியே தலைநீட்டுகிறது. உள்ளே தள்ளினால் இரண்டே நாளில் மறுபடியும் வருகிறது.

தள்ளியே சமாளிக்காதீர்கள். அது ஏன் நிற்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். செயின் பின்களில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, ஒரு முனை பிளந்த பின். பிளவு வில்போல் விரிந்து துளைச் சுவரை அழுத்திப் பிடிக்கிறது. நாளடைவில் பிளவு அமுங்கிவிட்டால் பிடிப்பு போய்விடும். பின்னைக் கழற்றி, பிளவுக்குள் மெல்லிய பிளேடு முனையை விட்டு முடியளவுக்கு விரித்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். செயினின் உட்பக்கத்தில் அம்புக்குறிகள் இருக்கும். அம்பு காட்டும் திசையில்தான் பின்னை வெளியே தள்ள வேண்டும். மாட்டும்போது அம்புக்கு எதிர்த்திசையில், பிளவில்லாத முனை முதலில் போகும்படி. இதை மாற்றிச் செய்து சுத்தியலால் அடித்தவர்களின் செயின் கண்ணிகள் நெளிந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வகைதான் பலரை ஏமாற்றுவது. பின் வழுவழுப்பாக இருக்கும். அதைப் பிடித்து வைப்பது நடுக்கண்ணிக்குள் ஒளிந்திருக்கும், கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு குழாய். பின்னைத் தள்ளியவுடன் அந்தக் குழாய் சத்தமில்லாமல் கீழே விழுந்துவிடும். விழுந்ததே தெரியாது. குழாய் இல்லாமல் பின்னை மட்டும் திரும்பப் போட்டால் அன்றைக்குச் சரியாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் தலைநீட்டும். உங்கள் கேள்வியில் உள்ள குறை பெரும்பாலும் இதுதான். பளபளப்பான தரையில் உட்கார்ந்து செயினை யாரோ சுருக்கிக் கொடுத்திருந்தால், அந்தக் குழாய் அங்கேயே போயிருக்கும். அதே அளவுக் குழாயைக் கடிகாரப் பொருள் விற்கும் கடையில் கேட்டு வாங்குங்கள். கடிகாரத்தையும் கையோடு கொண்டு போவது நல்லது.

மூன்றாவது வகை, திருகாணிப் பின். ஒரு முனையில் பள்ளம் தெரிந்தால் அது திருகாணி, அடித்துத் தள்ளக்கூடாது. திருகிக் கழற்றி, பழைய பசையையும் அழுக்கையும் துடைத்துவிட்டு, மரையில், திருகாணி தளராமல் பிடிக்கும் திருகுப் பசையைப் பல்குத்தி முனையால் தொட்டு வைத்து மறுபடி முடுக்குங்கள். நீல நிறத்தில் வரும் நடுத்தரப் பசையே போதும். சிவப்பு வேண்டாம், அதைப் பிறகு கழற்றச் சூடேற்ற வேண்டியிருக்கும். பசை கிடைக்காவிட்டால் நிறமில்லாத நகப்பூச்சும் சிறிது காலம் தாங்கும்.

செயினின் லாக் தானாகத் திறந்துகொள்கிறது.

முதலில் பழைய பல்துலக்கியால் சோப்பு நீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கடிகாரத்தின் தலை நனையாமல் செயினை மட்டும். லாக்கின் கொக்கியில் ஆண்டுக்கணக்கான அழுக்கு இறுகியிருந்தால் அது முழுமையாக அமராது. கழுவிய பிறகும் திறந்தால், கொக்கி பிடிக்கும் தகட்டின் உதட்டை மட்டும் இடுக்கியால் துணி வைத்து மெல்ல உள்நோக்கி அழுத்துங்கள். ஒருமுறை அழுத்திச் சோதித்து, போதாவிட்டால் இன்னொரு முறை. ஒரேயடியாக வளைத்தால் தகடு ஒடியும்.

சாவி கொடுக்கும்போது சாவி தண்டோடு கையில் வந்துவிட்டது. கடிகாரம் போய்விட்டதா?

போகவில்லை. பார்த்தவுடன் மனம் கலங்கும் என்பது எனக்குத் தெரியும். என் அப்பாவின் கடிகாரம் சாவி கொடுக்கும் வகை. காலையில் வானொலிச் செய்திக்கு முன் சாவி கொடுத்து, நேரத்தை வானொலியோடு ஒத்துப்பார்த்து வைப்பார். அவர் காலத்துக்குப் பிறகு அந்த வேலையை நான் செய்துவந்தேன். ஒரு நாள் காலை சாவியைத் திருகிக்கொண்டிருந்தபோது எந்த எதிர்ப்பும் இல்லாமல் அது விரல்களோடு வெளியே வந்துவிட்டது. அவருடைய கடைசிப் பொருளை உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எங்கள் தெருமுனையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்த முதியவரிடம் ஓடினேன். அவர் தண்டை இடுக்கியில் தூக்கி என் கண்ணுக்கு நேராகக் காட்டினார். நெல்மணியைவிடச் சற்று நீளமான எஃகுத் துண்டு. உள்முனை ஊசி. அதை அடுத்துச் சதுரமாகப் பட்டை தீட்டிய பகுதி. அதற்கு மேல் சுற்றிலும் ஒரு பள்ளம். கடைசியில் சாவி ஏறும் மரை. “இந்தப் பள்ளம் உடையவில்லை, பாருங்கள். அப்படியென்றால் திருகாணிதான் தளர்ந்திருக்கிறது” என்றார். இந்த வேலை மேல் எனக்கு ஆசை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

அந்தப் பள்ளத்தில் மெஷினுக்குள் இருக்கும் ஒரு சிறு நெம்பின் மூக்கு விழுந்து தண்டைப் பிடித்துக்கொள்கிறது. பழைய சாவி கொடுக்கும் கடிகாரங்கள் பலவற்றில் அந்த நெம்பை ஒரு திருகாணி தாங்குகிறது. நம் வீடுகளின் அலமாரிகளில் இன்னும் இருக்கும் பழைய கடிகாரங்களில் எச்.எம்.டி. நிறைய. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961-இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையில் பிறந்த ‘ஜனதா’ போன்றவை இப்படிச் சாவி கொடுக்கும் கடிகாரங்கள்தான். அவை மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை துடிப்பவை. பல ஆண்டுகள் தினமும் சாவி திருகப்படும் அசைவில் நெம்பின் திருகாணி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வது இயல்பே.

செய்முறை இதுதான். பின்மூடியைத் திறந்து, தண்டு நுழையும் துளையின் உட்புறத்தை லென்ஸால் பாருங்கள். அதன் அருகிலேயே ஒரு தனித் திருகாணி இருக்கும். அதை மேலும் தளர்த்த வேண்டாம். ஏற்கெனவே தளர்ந்துதான் தண்டு வந்தது. தண்டை நேராகத் துளைக்குள் விட்டு, சாவியை முன்னும் பின்னும் மெல்லச் சுழற்றிக்கொண்டே உள்ளே அனுப்புங்கள். சதுரப் பகுதி உள்ளேயுள்ள பல்சக்கரத்தின் சதுரத் துளையோடு பொருந்தினால்தான் முழுதும் போகும். தடுத்தால் அழுத்தாதீர்கள், கொஞ்சம் திருப்பி மீண்டும் முயலுங்கள். முழுதும் போனதும் திருகாணியை முடுக்கி, மென்மையாக இறுகியவுடன் நிறுத்துங்கள். பிறகு சாவி கொடுத்துப் பாருங்கள், வெளியே இழுத்து முட்களை நகர்த்திப் பாருங்கள், உள்ளே தள்ளுங்கள். மூன்றும் நடந்தால் வேலை முடிந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் மறக்காதீர்கள். அந்தத் திருகாணியை முழுக்கக் கழற்றிவிட்டால், டயலுக்கு அடியில் இருக்கும் நெம்பு விழுந்துவிடும். அதை எடுத்து மாட்ட முட்களையும் டயலையும் கழற்ற வேண்டும். திருகாணி சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவே இல்லை என்றாலும் நெம்பு ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று பொருள். இரண்டு நிலையிலும் மூடிக் கடைக்குக் கொண்டு போங்கள்.

என்னுடையது பேட்டரிக் கடிகாரம். அதிலும் இதே முறையா?

பெரும்பாலும் திருகாணி இருக்காது. தண்டின் அருகே ஒரு சிறு உலோகக் குழிவு இருக்கும், சிலவற்றில் அம்புக்குறியும் காட்டியிருப்பார்கள். அதை அழுத்தினால் தண்டு விடுபடும், மாட்டும்போது அழுத்தாமலே உள்ளே தள்ளினால் ‘டிக்’ என்று பிடித்துக்கொள்ளும். டாடா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் பேட்டரிக் கடிகாரங்களைச் செய்யத் தொடங்கிய பிறகு நம் மணிக்கட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகையாகிவிட்டன. மாட்டிய பிறகு சாவியை இழுத்தும் முள் நகரவில்லையென்றால், உள்ளேயுள்ள சிறு பற்சக்கரம் தன் இடத்தை விட்டு நழுவியிருக்கிறது. அதற்கு மேல் போராட வேண்டாம்.

சாவி மட்டும் கழன்றது. தண்டு உள்ளேயே நிற்கிறது.

மரை தேயாமல் இருந்தால் எளிய வேலை. சாவிக்குள் இருக்கும் மரையைப் பல்குத்தியால் துடைத்து, துளியிலும் துளியாகத் திருகுப் பசை வைத்து, தண்டின் மேல் வலஞ்சுழியாக ஏற்றுங்கள். சூப்பர் பசையைப் பயன்படுத்தாதீர்கள். அது தண்டு வழியாக உள்ளே கசிந்து மெஷினையே ஒட்டிவிடும். சாவி ஏறாமல் வழுக்கினால் சாவியையோ தண்டையோ மாற்றத்தான் வேண்டும்.

திருகி மூடும் சாவி மரையில் பிடிக்கமாட்டேன் என்கிறது.

அழுத்தி வலப்பக்கம் திருகாதீர்கள். உள்ளே மெல்ல அழுத்தியபடி முதலில் இடப்பக்கம் சுழற்றுங்கள். மரை மரையின் மேல் விழும்போது ஒரு சிறு துள்ளல் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் வெண்ணெய்போல் இறங்கும். ஊறுகாய் ஜாடி மூடி கோணிக்கொள்ளும்போது பாட்டிமார் செய்வதும் இதுவே.

பின்மூடியை எப்படித் திறப்பது?

மூன்று வகை. ஓரத்தில் ஒரு சிறு இடைவெளி தெரிந்தால் நெம்பித் திறப்பது. மழுங்கிய சிறு பிளேடை அந்த இடைவெளியில் வைத்து நெம்பாமல் திருப்புங்கள். விளிம்பில் ஆறு பள்ளங்கள் தெரிந்தால் திருகித் திறப்பது; காற்று சற்றுக் குறைந்த ரப்பர் பந்தை மூடியின் மேல் அழுத்தி இடப்பக்கம் சுழற்றினால் பெரும்பாலும் வரும். நான்கு மூலைகளில் திருகாணி இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. எந்த வகையானாலும் உள்ளேயுள்ள ரப்பர் வளையம் எங்கே, எந்தப் பக்கமாக இருந்தது என்பதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி ஆடுகிறது. பசை வைத்து ஒட்டிவிடலாமா?

சூப்பர் பசையை இங்கேயும் தவிர்த்துவிடுங்கள். அது உலரும்போது எழும் ஆவி கண்ணாடியின் உட்பக்கத்திலும் டயலிலும் வெள்ளை மூட்டமாகப் படியும். டயலில் படிந்தது மீண்டு வருவது அரிது. பழைய கடிகாரங்களின் பிளாஸ்டிக் கண்ணாடி பசையில் நிற்பதே இல்லை, தன் இறுக்கத்தாலேயே பள்ளத்தில் நிற்கிறது. அது ஆடினால் விரிசல் விட்டிருக்கும் அல்லது சுருங்கியிருக்கும். புதிதாகப் போடுவதே வழி. உண்மைக் கண்ணாடி என்றால் அதைச் சுற்றியுள்ள வளையம் தேய்ந்திருக்கும். இதை அழுத்திப் பொருத்தக் கடையில் தனிக் கருவி உண்டு. விரலால் அழுத்தினால் ஓரம் உடையும்.

உள்ளே ஒரு முள் கழன்று டயலில் கிடக்கிறது. எண்குறி ஒன்றும் உதிர்ந்திருக்கிறது.

சாவியை வெளியே இழுத்து வைத்து, கடிகாரத்தை அணியாமல் எடுத்து வையுங்கள். சாவி கொடுக்கும் வகை என்றால் மேலும் சாவி கொடுக்காதீர்கள். உதிர்ந்த குறி முட்களுக்கு அடியில் போனால் டயலில் கோடு போடும், மெஷின் நின்றுவிடும். முள்ளைத் திரும்பப் பொருத்துவது பார்வைக்கு எளிது. ஆனால் மூன்று முட்களும் ஒன்றையொன்று தொடாமல், கண்ணாடியையும் டயலையும் தொடாமல், மிகக் குறுகிய இடைவெளிக்குள் அடுக்கடுக்காக நிற்க வேண்டும். நானே இதைக் கற்க இரண்டு பழைய டயல்களைப் பலி கொடுத்தேன்.

முள் விழவில்லை, கடிகாரம் ‘டிக் டிக்’ என்று ஓடுகிறது, ஆனால் நேரம் மட்டும் பின்தங்குகிறது அல்லது முட்கள் நகரவே இல்லை என்றால், நடுத்தண்டின் மேல் உராய்வால் நிற்கும் நிமிடக் குழாய் தளர்ந்திருக்கலாம். வேலை செய்பவரிடம் இந்த அறிகுறியை அப்படியே சொல்லுங்கள், அவருக்கு உடனே புரியும்.

ஆட்டோமேட்டிக் கடிகாரத்தில் கையை அசைத்தால் ‘கரகர’ என்று சுற்றும் ஓசை. எதுவும் கழன்றுவிட்டதா?

இல்லாமலும் இருக்கலாம். கையசைவில் சுழன்று சாவி ஏற்றும் அரைவட்டத் தகடு உள்ளே இருக்கிறது. பல கடிகாரங்களுக்குள் இருக்கும் மியோட்டா நிறுவனத்தின் 8200 வரிசை மெஷின்கள் ஒரு திசையில் மட்டும் சாவி ஏற்றுபவை. மறுதிசையில் தகடு தடையின்றிச் சுழலும்போது மணிக்கட்டில் அதிர்வே தெரியும், அது குறையல்ல. ஆனால் சீரான சுழல் ஓசை இல்லாமல் ‘டக், டக்’ என்று உலோகம் மோதும் ஓசை கேட்டால், தகட்டின் திருகாணி தளர்ந்து தகடு மூடியை உரசுகிறது. அன்றே அணிவதை நிறுத்துங்கள். பின்மூடியைத் திறந்தால் நடுவில் அந்தத் திருகாணி தெரியும். பொருத்தமான திருப்புளியால் இறுக்கிவிடலாம். ஆனால் அதைச் சுற்றி வெள்ளித் தூள் படிந்திருந்தால் உராய்வு நெடுநாளாக நடந்திருக்கிறது; இறுக்கியதோடு விடாமல் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

இன்னொன்று. மெஷினில் ஒரு திருகாணியின் தலையில் பள்ளத்துக்கு இருபுறமும் இரண்டு கோடுகள், ஆக மூன்று கோடுகள் தெரிந்தால், அது எதிர்ச்சுற்று மரை. வழக்கமான திசையில் தளர்த்த முயன்றால் இறுகி ஒடிந்துவிடும். தொடாமல் இருப்பது நல்லது.

தட்டினால் ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. பேட்டரி தளர்ந்திருக்குமா?

இருக்கலாம். பேட்டரியை அழுத்தும் தகடு நிமிர்ந்திருந்தால் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். பிளாஸ்டிக் இடுக்கியால் பேட்டரியை எடுத்து, தகட்டை முடியளவுக்குக் கீழே வளைத்துத் திரும்ப வையுங்கள். அளவு மாறிய பேட்டரியும் ஒரு காரணம். எஸ்.ஆர். 626 வகையின் விட்டம் 6.8 மி.மீ., உயரம் 2.6 மி.மீ. அதற்குப் பதிலாக உயரம் குறைந்த ஒன்றைப் போட்டிருந்தால் ஆடத்தான் செய்யும். பழைய பேட்டரியின் முதுகிலுள்ள எண்ணைக் காட்டி அதையே வாங்குங்கள்.

கழற்றிய பேட்டரியை மேசையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள், அது உணவுக்குழாயைச் சுட்டுவிடும்.

திறந்து மூடிய பிறகு தண்ணீரில் நனைக்கலாமா?

நனைக்காதீர்கள். முகம் கழுவும்போது தெறிக்கும் துளிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்முதுகில் 30 மீட்டர் என்று எழுதியிருப்பது நீந்துவதற்கான அனுமதி அல்ல, புதுக் கடிகாரத்துக்கே அப்படித்தான். ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் மெல்லத் தடவி மூடினாலும், அழுத்தச் சோதனை செய்யாதவரை அது நீர் புகாது என்று யாரும் சொல்ல முடியாது.

பின் தெறித்து எங்கோ விழுந்துவிட்டது. எப்படித் தேடுவது?

எழுந்து நடக்காதீர்கள். முதலில் உங்கள் மடியையும், வேட்டி அல்லது புடவை மடிப்பையும் பாருங்கள். அங்கே கிடைத்தவைதான் எனக்கு அதிகம். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் படுக்க வைத்து மெல்லச் சுழற்றுங்கள். மேலிருந்து அடிக்கும் ஒளியில் தெரியாத சிறு பொருள், பக்கத்திலிருந்து அடித்தால் தன்னைப்போல் பத்து மடங்கு நீளமான நிழலைப் போடும். அடுத்த முறை, பின்னைத் தள்ளும்போது கடிகாரத்தையும் கைகளையும் ஒரு கண்ணாடிபோன்ற பாலிதீன் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கடையில் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

‘ரிப்பேர்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எது ஆடியது, எப்போது தொடங்கியது, விழுந்ததா, நீங்கள் எதைத் திறந்தீர்கள், எந்தத் திருகாணியைத் தொட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கழன்ற எல்லாத் துண்டுகளையும், பயனற்றது என்று தோன்றுவதையும், ஒரு சிறு டப்பாவில் போட்டுக் கொடுங்கள். பழைய கடிகாரம் என்றால் ‘மூலப் பாகங்களை மாற்ற வேண்டியிருந்தால் என்னிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள், கழற்றியதைத் திருப்பித் தாருங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்பாவின் கடிகாரத்தில் பிறகு சாவியை மாற்ற வேண்டி வந்தது. தேய்ந்து வரியெல்லாம் மழுங்கிய அந்தப் பழைய சாவி ஒரு தீப்பெட்டிக்குள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.